இணையவழித் தேர்வில் சிக்கலா? மாணவர் சொல்லும் புகாரிலிருந்து காரணத்தைப் பிடிப்பது எப்படி

தொலைநிலைக் கல்வியில் இணையவழித் தேர்வு வைக்கும் நாளில் என் போன் காலை ஒன்பது மணிக்கே அடிக்கத் தொடங்கிவிடும். "சார், உள்ளேயே போக முடியல", "சார், எழுதினதெல்லாம் போச்சு", "சார், சரியான விடைக்குத் தப்புன்னு போட்டிருக்கு". பேசுகிறவர் பெரும்பாலும் வேலைக்குப் போகிறவர். கடையிலோ கம்பெனியிலோ ஒரு மணி நேரம் அனுமதி கேட்டு வாங்கிக்கொண்டு, ஒரு ஓரமாக உட்கார்ந்து, போனில் தேர்வு எழுதுகிறார். நாமோ மேசைக் கணினியும் அறுபடாத இணைப்பும் எல்லாரிடமும் இருப்பதாக நினைத்துக்கொண்டு அமைப்புகளை வைத்துவிடுகிறோம். நான் பார்த்த சிக்கல்களில் பெரும்பாலானவை மாணவரின் கவனக்குறைவால் வந்தவை அல்ல. நாம் மாற்றாமல் விட்ட ஏதோ ஓர் அமைப்பால் வந்தவை.

இங்கே மூடிலை வைத்தே எழுதுகிறேன். பாடங்களையும் தேர்வுகளையும் இணையத்தில் நடத்த உதவும், 2002-ல் வெளிவந்த கட்டற்ற மென்பொருள் அது. இந்தியாவிலும் இலங்கையிலும் பல பல்கலைக்கழகங்கள் அதைத்தான் பயன்படுத்துகின்றன. பொத்தான்களின் பெயர்களைத் திரையில் ஆங்கிலத்தில் தெரிகிறபடியே தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன், தேடுவதற்கு வசதியாக இருக்கும்.

எந்தப் புகார் வந்தாலும் முதலில் மூன்று கேள்வி கேளுங்கள். போனா, கணினியா? மூடில் செயலியா, உலாவியா? திரையில் என்ன எழுதியிருக்கிறது? மூன்றாவதற்கு வாய்வழிப் பதில் போதாது. மேலே மணி தெரியும்படி ஒரு ஸ்கிரீன்ஷாட் வாங்குங்கள். அப்புறம் 'ரிப்போர்ட்ஸ்' பகுதியில் 'லாக்ஸ்' திறந்து அவர் பெயரைத் தேர்ந்தெடுங்கள். எத்தனை மணிக்குத் தொடங்கினார், எந்தப் பக்கத்தைப் பார்த்தார், எப்போது சமர்ப்பித்தார் என்பதெல்லாம் அங்கே இருக்கும். இதைப் பார்க்காமல் "இன்னொரு தடவை எழுதட்டும்" என்று அவருடைய அட்டெம்ப்டை (அவர் எழுதிய தேர்வின் பதிவை) மட்டும் அழித்துவிடாதீர்கள். அழித்தால் விடைகளும் சேர்ந்து போய்விடும். பிறகு யார் சொல்வது சரி என்று பார்க்க எதுவும் மிஞ்சாது.

"பாஸ்வேர்டு மறந்துபோச்சு, மாத்தப் போனா மெயிலும் வரல"

பயனர் பக்கத்தில் அவருடைய மின்னஞ்சல் முகவரியைப் பாருங்கள். நம் ஊர்களில் சேர்க்கை விண்ணப்பத்தைப் பலர் பிரவுசிங் சென்டரில் கொடுத்துத்தான் போடுகிறார்கள். மாணவருக்கு மின்னஞ்சல் இல்லையென்றால் சென்டர்காரர் தன் முகவரியையே போட்டுவிடுவார். ஒரே முகவரியின் சின்னச் சின்ன வேறுபாடுகளோடு ஏழெட்டு மாணவர்கள் பதிவாகியிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். பாஸ்வேர்டு மாற்றும் இணைப்பு அந்த சென்டருக்குப் போய்க்கொண்டிருந்தது. பதிவு எண்ணையும் பிறந்த தேதியையும் கேட்டு ஆளை உறுதிசெய்துகொண்டு, முகவரியை அவருடையதாக மாற்றுங்கள். பாஸ்வேர்டை வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம்.

முகவரி சரியாக இருந்தும் வரவில்லை என்றால் ஸ்பாம் பெட்டியைப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கேயும் இல்லையா? மூடில் எந்தக் கணக்கு வழியாக அஞ்சல் அனுப்புகிறது என்று சர்வர் பார்ப்பவரிடம் கேளுங்கள். சாதாரண ஜிமெயில் கணக்கு என்றால் நாளொன்றுக்கு 500 பேருக்கு மேல் அனுப்ப முடியாது. தேர்வுக்கு முந்தைய நாள் நீங்கள் போட்ட 'நாளை தேர்வு' அறிவிப்பு எல்லா மாணவருக்கும் அஞ்சலாகப் போய் அந்த எண்ணிக்கையைத் தீர்த்திருக்கும். அதற்குப் பிறகு பாஸ்வேர்டு அஞ்சல் எப்படிப் போகும்? அறிவிப்பை மூன்று நாள் முன்பே போட்டுவிடுங்கள். நிரந்தரத் தீர்வாகப் பல்கலைக்கழகத்தின் சொந்த அஞ்சல் சேவைக்கு மாற்றச் சொல்லுங்கள்.

தப்பான பாஸ்வேர்டைப் பலமுறை போட்டதால் கணக்கு பூட்டப்பட்டிருக்கலாம். நிர்வாகி பயனர் பட்டியலில் 'அன்லாக்' கொடுத்தால் போதும்.

"ஒரு மணி நேரத் தேர்வு, இருபது நிமிஷத்துல மூடிடுச்சு"

மூடிலில் நேரம் இரண்டு இடத்தில் இருக்கிறது. 'டைம் லிமிட்' என்பது ஒருவர் எழுதத் தொடங்கியதிலிருந்து ஓடும் நேரம். 'க்ளோஸ் த குவிஸ்' என்பது தேர்வே மூடப்படும் மணி. 10 மணிக்குத் திறந்து 11 மணிக்கு மூடும்படி வைத்து, டைம் லிமிட்டும் 60 நிமிடம் வைத்தால், 10.40-க்கு உள்ளே வந்தவருக்கு இருபது நிமிடம்தான் கிடைக்கும். பேருந்தில் வந்தேன், சிக்னல் இல்லை என்பதெல்லாம் தொலைநிலை மாணவர்களுக்கு அன்றாடம். ஒரு மணி நேரத் தேர்வு என்றால் அதை மூன்று மணி நேரமாவது திறந்து வையுங்கள். இன்னும் நல்லது, காலை ஆறிலிருந்து இரவு பத்து வரை. கேள்விகளைக் கேள்வி வங்கியிலிருந்து மாற்றி மாற்றி எடுத்தால் கசிவைப் பற்றிய பயம் குறையும். அதைக் கீழே சொல்கிறேன்.

ஏற்கெனவே தேர்வு ஓடிக்கொண்டிருக்கிறது, ஒருவருக்கு மட்டும் நேரம் கூட்ட வேண்டுமா? 'ஓவர்ரைட்ஸ்' பகுதியில் அவர் பெயருக்கு மூடும் நேரத்தையும் டைம் லிமிட்டையும் தனியாகக் கொடுங்கள். அவரைப் பக்கத்தை ஒருமுறை புதுப்பிக்கச் சொல்லுங்கள்.

வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் நம் மாணவர்கள் நிறைய. "10 மணி" என்று மட்டும் அறிவித்தால் அவர்கள் தங்கள் ஊர் மணியை எடுத்துக்கொள்வார்கள். இங்கே காலை 10 என்றால் துபாயில் 8.30, சிங்கப்பூரில் பகல் 12.30. பயனர் பக்கத்தில் 'டைம்சோன்' சரியாக இருந்தால் மூடிலே அவரவர் ஊர் நேரத்தைக் காட்டும். அறிவிப்பில் 'இந்திய நேரம்' என்று எழுதுவதோடு அந்த இரண்டு ஊர் நேரத்தையும் சேர்த்தே போட்டுவிடுங்கள், ஒரு வரிதான்.

"எழுதி முடிச்சேன், ஆனா 'நெவர் சப்மிட்டட்'னு காட்டுது"

தேர்வு அமைப்பில் 'வென் டைம் எக்ஸ்பயர்ஸ்' என்ற வரியைப் பாருங்கள். மூன்று விருப்பங்கள் இருக்கும். நேரம் முடிந்ததும் தானாகச் சமர்ப்பிப்பது ஒன்று. சில நிமிடம் சலுகை தருவது இன்னொன்று. மாணவரே அழுத்தாவிட்டால் கணக்கில் கொள்ளாமல் விடுவது மூன்றாவது. மூன்றாவதை வைத்திருந்தால், கடைசி நிமிடத்தில் இணைப்பு போனவரின் முழுத் தேர்வும் வீணாகும். தொலைநிலைக் கல்விக்கு முதலாவதுதான் பொருந்தும் என்பேன். இதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது.

தானாகச் சமர்ப்பிக்க வைத்திருந்தும் நடக்கவில்லை என்றால், சர்வரில் 'க்ரான்' (குறித்த இடைவெளியில் வேலைகளைத் தானாகச் செய்யும் நிரல்) ஓடுகிறதா என்று கேளுங்கள். அதை நிமிடத்துக்கு ஒரு முறை ஓடும்படி வைப்பதுதான் மூடில் சொல்லும் முறை. அது நின்றுபோனால் முடிக்காமல் நிற்கும் அட்டெம்ப்டுகள் அப்படியே கிடக்கும். மாணவர் மறுபடி உள்ளே வந்தால்தான் சமர்ப்பிக்கப்படும்.

நடுவில் இணைப்பு அறுந்தவரின் விடைகள் முழுவதும் போய்விடுவதில்லை. வழக்கமான அமைப்பில் ஒரு நிமிட இடைவெளியில் விடைகள் தானாகச் சேமிக்கப்படும். சேமிக்க முடியாதபோது 'நெட்வொர்க் கனெக்‌ஷன் லாஸ்ட்' என்ற எச்சரிக்கை திரையில் வரும். அதைப் பார்த்தால் பக்கத்தை மூடக்கூடாது, கடைசியாக எழுதியதைக் குறித்துக்கொண்டு இணைப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும் என்று மாணவர்களுக்கு முன்பே சொல்லி வையுங்கள். ஐம்பது கேள்வியையும் ஒரே பக்கத்தில் கொட்டாமல் பக்கத்துக்கு ஐந்தாகப் பிரியுங்கள். அடுத்த பக்கம் போகும்போதெல்லாம் சேமிப்பு நடக்கும்.

பயிற்சித் தேர்வு மட்டும்தான் என்றால், மூடில் செயலியில் இணைப்பு இல்லாமலே எழுத அனுமதிக்கலாம். ஆனால் டைம் லிமிட் இருக்கக்கூடாது. விடைக்குறிப்பும் கடைசியில் காட்டும் முறையில்தான் இருக்க வேண்டும். வாரத் தேர்வுகளை இப்படி மாற்றியபின் எனக்கு வந்துகொண்டிருந்த அழைப்புகள் கண்கூடாகக் குறைந்தன.

"தமிழ்ல சரியாத்தான் எழுதினேன், பூஜ்யம் போட்டிருக்கு"

இந்தப் புகாரை ஒருபோதும் தட்டிக்கழிக்காதீர்கள். தமிழ்வழியில் எழுதும் மாணவருக்கு மட்டும் நடக்கும் அநியாயம் இது.

ஒரு வரலாற்றுத் தேர்வில் அசோகர் தழுவிய சமயம் எது என்று ஒரு சொல்லில் விடை கேட்டிருந்தோம். விடைக்குறிப்பில் பௌத்தம் என்று இருந்தது. பாதிப் பேருக்குப் பூஜ்யம். ஒருவர் விடாமல் மூன்று முறை போன் செய்தார். அவருடைய விடையைத் திறந்து பார்த்தால் அங்கேயும் 'பெளத்தம்' என்றுதான் தெரிகிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. அவருடைய சொல்லை நகலெடுத்து ஒட்டி, பின்னழிப்பு விசையை ஒவ்வொரு எழுத்தாக அழுத்திப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. நம் குறிப்பில் இருந்தது ப-வோடு ஔகாரக் குறி சேர்ந்த ஓர் எழுத்து. அவர் தட்டியதோ 'பெ' என்று ஓர் எழுத்து, பக்கத்தில் 'ள' என்று இன்னோர் எழுத்து. பழைய தட்டச்சில் பழகியவர்களும், போன் விசைப்பலகையில் ஔகாரம் எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்களும் இப்படித்தான் அடிக்கிறார்கள். நாளிதழ்களிலேயே இந்த வடிவத்தைப் பார்க்கலாம். கணினிக்கு இரண்டும் முற்றிலும் வேறு சொற்கள்.

இதே வகையில் மாட்டுபவை இன்னும் சில. ஔவையார் என்பதை ஒ, ள என இரண்டு எழுத்தாக அடிப்பது. கால் குறிக்குப் பதிலாக 'ர' அடிப்பது. ஸ்ரீ என்ற எழுத்துக்கு யூனிகோடில் இரண்டு விதமான வரிசை இருப்பது. கண்ணுக்கே தெரியாத இணைப்புக் குறி ஒன்று சொல்லுக்குள் ஒட்டிக்கொண்டு வருவது. ஒகரம், ஓகாரம் இரண்டும் துண்டுகளாக உள்ளே வந்தால் மட்டும் அவ்வளவு கவலை வேண்டாம்; சர்வரில் பிஎச்பியின் (மூடில் எழுதப்பட்ட நிரல்மொழி) 'இன்டல்' நீட்சி இருந்தால் மூடில் அவற்றை ஒன்றாக்கிக்கொண்டுதான் ஒப்பிடும். ஔகாரக் குறிக்குப் பதிலாக ளகரம் வந்தால் அந்த உதவி கிடையாது.

சரிசெய்வது இப்படி: கேள்வியைத் திறந்து மாற்று வடிவங்களையும் தனித்தனி விடையாகச் சேர்த்து ஒவ்வொன்றுக்கும் 100% கொடுங்கள். பௌத்தம், பௌத்த சமயம், பௌத்த மதம் எல்லாம் சரி என்றால் நட்சத்திரக் குறி பயன்படும்: *பௌத்த* என்று போட்டால் முன்னும் பின்னும் எது வந்தாலும் ஏற்கும். அதையே பெ, ள என்று அடித்த வடிவிலும் இன்னொரு வரியாகப் போடுங்கள். சேமித்தபின் தேர்வின் 'ரிசல்ட்ஸ்' பக்கத்தில் 'ரீகிரேடு' அழுத்தினால்தான் ஏற்கெனவே எழுதியவர்களுக்கு மதிப்பெண் மாறும். பலர் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள். புதிய பதிப்புகளில் கேள்விக்குப் பதிப்பு எண் உண்டு. தேர்வு பழைய பதிப்பையே பிடித்துக்கொண்டிருந்தால் ரீகிரேடு செய்தும் பயனில்லை, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்று ரீகிரேடு செய்தபின் மூன்று முறை போன் செய்தவர் தேர்ச்சி பெற்றார். அவரோடு சேர்ந்து, போனே செய்யாத பலரும் தேர்ச்சி பெற்றார்கள்.

"விடைத்தாள் ஏறவே மாட்டேங்குது"

எழுத்துத் தாளைப் படமெடுத்து அனுப்பும் தேர்வுகளில் வரும் சிக்கல். பதினாறு பக்கம், ஒவ்வொன்றும் மூன்று நான்கு எம்பி என்றால் மொத்தம் ஐம்பது எம்பியைத் தாண்டும். மூடிலில் கோப்பின் அளவுக்கு மூன்று வரம்பு உண்டு: தளத்துக்கு ஒன்று, பாடத்துக்கு ஒன்று, அந்த அசைன்மென்டுக்கு ஒன்று. எது சிறியதோ அதுதான் செல்லும். அவற்றுக்கும் அடியில் சர்வரின் சொந்த வரம்பு இருக்கிறது. பிஎச்பியை நிறுவியபடியே விட்டால் ஒரு கோப்புக்கு 2 எம்பிதான். திரையில் 413 என்ற எண் வந்தால் பிழை வலைச்சர்வரில். என்ஜின்எக்ஸ் என்ற வலைச்சர்வர் மென்பொருளை நிறுவியபடியே விட்டால் வரம்பு 1 எம்பி. நீங்கள் அசைன்மென்டில் 100 எம்பி என்று வைத்து என்ன பயன்?

மாணவருக்குச் சொல்ல வேண்டியது: கேமராவில் எடுக்காதீர்கள், ஸ்கேன் செய்யுங்கள். ஆண்ட்ராய்டில் கூகுள் டிரைவ் செயலிக்குள்ளேயே ஸ்கேன் வசதி இருக்கிறது, ஐபோனில் நோட்ஸ் செயலியில் இருக்கிறது. எல்லாப் பக்கமும் ஒரே பிடிஎஃப் ஆகிவிடும், கறுப்பு வெள்ளையில் வைத்தால் அளவும் வெகுவாகக் குறையும். ஐபோன் கேமராப் படங்கள் ஹெச்இஐசி என்ற வடிவில் வந்தால் திருத்துகிறவர் கணினியில் திறக்காமலும் போகும். இதைத் தேர்வன்று போனில் விளக்குவது பெரும்பாடு. ஒரு வாரம் முன்பே மதிப்பெண் இல்லாத அசைன்மென்ட் ஒன்று வைத்து, வெற்றுத்தாளில் பெயர் எழுதி ஏற்றச் சொல்லுங்கள்.

கோப்பு ஏறிவிட்டது, ஆனால் 'டிராஃப்ட், நாட் சப்மிட்டட்' என்று நிற்கிறதா? அசைன்மென்ட் அமைப்பில் மாணவர் 'சப்மிட்' பொத்தானைத் தனியாக அழுத்த வேண்டும் என்று வைத்திருக்கிறீர்கள். கோப்பைச் சேமித்ததோடு முடிந்தது என்று நினைத்து அவர் போய்விட்டார். குறித்த நேரத்துக்குள் கோப்பு ஏறியிருப்பது பதிவில் தெரிந்தால் அதைச் சமர்ப்பித்ததாகவே ஏற்றுக்கொள்ளுங்கள். அடுத்த தேர்வுக்கு அந்த அமைப்பை 'நோ' என்று மாற்றிவிடுங்கள். எழுதும் நேரத்துக்கு மேல் ஏற்றுவதற்கென்று அரை மணி நேரமாவது தனியாகக் கொடுங்கள்.

கேள்விகளை இறக்கினால் தமிழ் சிதைகிறது

இது ஆசிரியர்களிடமிருந்து வரும் புகார். தமிழ் எழுத்துகளுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிந்தால், கேள்விகள் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடிக்கப்பட்டவை. எழுத்துரு மாற்றி ஒன்றில் போட்டு யூனிகோடாக்க வேண்டும். வரிசையாகக் கேள்விக்குறிகள் தெரிந்தால், கோப்பைச் சேமித்தபோதே தமிழ் போய்விட்டது. மூலக்கோப்புக்குத் திரும்பி யூடிஎஃப்-8 ஆகச் சேமிப்பதைத் தவிர வழியில்லை. மதிப்பெண் பட்டியலை எக்செல்லில் திறந்ததும் பெயர்கள் சிதைந்தால் பயப்பட வேண்டாம், கோப்பு நன்றாகத்தான் இருக்கிறது. நேரடியாகத் திறக்காமல் 'டேட்டா' பகுதி வழியாக உள்ளே எடுத்து, 65001 என்ற குறியீட்டைத் தேர்ந்தெடுங்கள்.

எய்க்கன் வடிவத்தில் (சாதாரண உரைக்கோப்பில் பலவிடைக் கேள்விகளை எழுதும் முறை) கேள்வி ஏற்றுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விருப்பங்களுக்கு அ, ஆ, இ, ஈ என்று போட்டால் ஏறாது. ஏ, பி, சி, டி என்ற ஆங்கிலப் பெரிய எழுத்துகளே வேண்டும். விடை வரியில் 'ஆன்சர்' என்ற சொல்லும் ஆங்கிலப் பெரிய எழுத்திலேயே இருக்க வேண்டும். கேள்வியும் விருப்பங்களும் தமிழில் இருக்கலாம்.

"கிளாஸ்ல சத்தமே கேக்கல"

இணையவழி வகுப்பு நடத்தும் பிக்புளூபட்டனில் 1007 என்ற எண் வந்தால் மாணவரின் இணைப்பு ஒலிக்கான வழியை அடைத்திருக்கிறது. அலுவலக வைஃபையில் இது சகஜம். மொபைல் டேட்டாவுக்கு மாறச் சொல்லுங்கள். எண் எதுவும் இல்லாமல் மைக் மட்டும் வேலை செய்யவில்லை என்றால், டெலிகிராம் போன்ற செயலிக்குள்ளேயே இணைப்பு திறந்திருக்கும்; நகலெடுத்துக் குரோமில் திறந்தால் மைக் அனுமதி கேட்கும்.

பாதி வகுப்பில் காணாமல் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் அன்றைய டேட்டா தீர்ந்திருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: விநாடிக்கு 500 கிலோபிட் ஓடும் வீடியோ ஒரு மணி நேரத்துக்கு 225 எம்பி. நாளொன்றுக்கு 1.5 ஜிபி தரும் திட்டத்தில் சனி, ஞாயிறு ஆறு மணி நேர வகுப்பு வைத்தால் டேட்டா அதற்கே சரியாகப் போகும். உங்கள் முகத்தை முதல் ஐந்து நிமிடம் காட்டிவிட்டு கேமராவை அணைத்துவிடுங்கள், குரலும் ஸ்லைடும் போதும்.

பதிவு கிடைக்கவில்லை என்றால், வகுப்பின்போது பதிவுப் பொத்தானை யாரும் அழுத்தியிருக்க மாட்டார்கள். அழுத்தியிருந்தால் காத்திருங்கள், வகுப்பு முடிந்தபின் தயாராக நேரம் எடுக்கும்.

கடைசியில் எழுதியவர்கள் எல்லாரும் முழு மதிப்பெண்

காலையில் எழுதியவர்கள் 40, 50 என்று வாங்க, மாலையில் எழுதியவர்கள் எல்லாரும் நூற்றுக்கு நூறு. மாணவர்களைத் திட்டுமுன் 'ரிவ்யூ ஆப்ஷன்ஸ்' பாருங்கள். தேர்வு இன்னும் திறந்திருக்கும்போதே 'ரைட் ஆன்சர்' காட்டும்படி வைத்திருப்பீர்கள். முதல் ஆள் சமர்ப்பித்ததும் விடைகள் அவர் திரையில் வந்துவிடும், ஐந்தாவது நிமிடம் குழுவில். மூடியபின் காட்டும் கட்டத்தைத் தவிர மற்றவற்றில் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு அலகுக்கும் தேவையைப்போல் மூன்று மடங்கு கேள்விகளை வங்கியில் வைத்து, ஆளுக்கு ஆள் மாற்றி எடுக்கச் செய்யுங்கள்.

கேமராக் கண்காணிப்பு வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. ஒரே அறையில் குழந்தையும் மாமியாரும் தூங்கிக்கொண்டிருக்க, இரவு பத்து மணிக்குத் தேர்வு எழுதும் பெண்ணை 'பின்னால் ஆள் நடமாட்டம்' என்று இயந்திரம் குற்றம் சாட்டும். வாரத் தேர்வுக்கு இது வேண்டவே வேண்டாம். சேஃப் எக்ஸாம் பிரவுசர் (தேர்வின்போது வேறு எதையும் திறக்க விடாத உலாவி) கட்டாயம் என்று வைப்பதற்கு முன்னும் யோசியுங்கள்: அது விண்டோஸ், மேக், ஐபோன், ஐபேடில் ஓடும், ஆண்ட்ராய்டில் ஓடாது. நம் மாணவர் கையில் இருப்பதோ ஆண்ட்ராய்டு.

மொத்த மதிப்பெண் கணக்கு ஒத்துவரவில்லை

2020-ம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி) விதிமுறைப்படி தொலைநிலைப் படிப்பில் தொடர் மதிப்பீட்டுக்கு அதிகபட்சம் 30%, பருவத் தேர்வுக்குக் குறைந்தது 70%. மதிப்பெண் ஏட்டில் இந்த எடையைத் தெளிவாகப் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். 'எக்ஸ்க்ளூட் எம்ப்டி கிரேட்ஸ்' டிக் இருந்தால், நான்கு ஒப்படைப்பில் ஒன்றை மட்டும் நன்றாகச் செய்தவர் நான்கையும் செய்தவரைவிட மேலே நிற்பார். பருவ நடுவில் அந்த டிக் இருப்பது மாணவருக்கு நல்லது. இறுதிப் பட்டியல் எடுக்குமுன் நீக்கிவிடுங்கள்.

புகாரே வராதவர்

இதுவும் ஒரு அறிகுறிதான், எனக்கு மிகவும் கவலை தருவதும் இதுதான். 'பார்ட்டிசிபன்ட்ஸ்' பட்டியலில் கடைசியாக எப்போது உள்ளே வந்தார் என்ற வரிசையைப் பாருங்கள். 'இன்ஆக்டிவ்' வடிகட்டியில் இரண்டு வாரம் என்று வைத்தால் பெயர்கள் வரும். சிலருக்கு 'நெவர்' என்றே இருக்கும். அவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பிப் பயனில்லை, அதைப் பார்க்கிறவர்கள் என்றால் உள்ளேயே வந்திருப்பார்கள். சேர்க்கைப் படிவத்தில் இருக்கும் எண்ணுக்குப் போன் செய்யுங்கள், மாலை ஏழு மணிக்கு மேல், வேலை முடிந்து வீட்டுக்கு வந்திருப்பார்கள். எடுப்பது பிரவுசிங் சென்டர்காரராக இருந்தால், மாணவரின் எண்ணை அவரிடமே கேட்டு வாங்குங்கள்.